வில்லங்கச் சான்றிதழில் தெரியாத வில்லங்கம்

முதல் வீடு வாங்குவோருக்கான அறிவுரைகளுக்கு நம் நாட்டில் குறைவில்லை. வருமானத்தில் எத்தனை பங்கு தவணைக்குப் போகலாம், எந்த வங்கியில் வட்டி குறைவு என்றெல்லாம் நாளிதழ் இணைப்புகள் கணக்குப் போட்டுக் காட்டுகின்றன. பணம் இருப்பவர் விரும்பிய மனையை வாங்கலாம் என்பதை அவை அனைத்தும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றன. அப்படியொரு சந்தையைத் தலித் குடும்பங்கள் இன்னும் கண்டதில்லை.

விற்பவர் முதலில் பெயரைக் கேட்பார், பிறகு ஊரை, அதன்பின் ஊரில் எந்தத் தெரு என்பதை. அடுத்த நாள், "வேறொருவரிடம் முன்பணம் வாங்கிவிட்டோம்" என்று பதில் வரும். இதை எதிர்த்து வழக்குத் தொடுக்க முடியாதா என்று மாணவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். தனியார் ஒருவர் தம் வீட்டை நமக்கு விற்றே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. கடை, உணவகம், கிணறு போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களைத் தவிர்த்துப் பார்த்தால், அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அரசையே கட்டுப்படுத்துகிறது. குஜராத்தின் சொராஸ்டிரியக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கும் துணைவிதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் வழக்கு என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தர்க்கத்தைச் சாதி பார்க்கும் எந்தச் சங்கமும் கையில் எடுக்கலாம்.

இப்படி மறுக்கப்பட்டவரைத் தரகர் அடுத்து எங்கே அழைத்துச் செல்கிறார் என்பதே நம் கவலை. ஊருக்கு வெளியே, சுற்றுவட்டார விலையைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில், உடனே பத்திரம் முடிக்கத் தயாராக ஒரு மனை காட்டப்படும். விலை எவ்வளவு குறைவு என்று மகிழ்வதற்கு முன், ஏன் குறைவு என்று கேட்டாக வேண்டும்.

பெரும்பாலும் கேட்கப்படாத காரணம் பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. முதல் 10 ஆண்டுகளுக்கு அதை யாருக்கும் விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். அந்த நிபந்தனை மீறப்பட்டதன் வரலாற்றை வாசகர்கள் அறிவார்கள். அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான் 1994இல் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிக் குண்டுகளுக்கு உயிரிழந்தனர்.

வாங்குபவர் தலித் என்றால் நிபந்தனை மீறப்படவில்லை, எனவே சிக்கலில்லை என்று நம்மில் பலர் நினைக்கின்றனர். ஒப்படைப்புப் பெற்றவரிடமிருந்தோ அவருடைய வாரிசுகளிடமிருந்தோ நேரடியாக வாங்கும்போது அது பொருந்தும். இடையில் ஒருமுறையேனும் தலித் அல்லாதவருக்கு நிலம் கைமாறியிருந்தால், அந்தக் கிரையமே செல்லாது. தம்மிடம் இல்லாத உரிமையை அவர் நமக்கு விற்க முடியாது. நாளை அரசு நிலத்தை மீட்க முன்வரலாம். ஒப்படைப்புப் பெற்றவரின் பேரப்பிள்ளைகள் கேட்டு வரலாம். நம் சேமிப்பு போவது ஒருபுறமிருக்க, நம்மைப் போன்ற இன்னொரு குடும்பத்திடமிருந்து பறித்த மண்ணில் நாம் வீடு கட்டியிருப்போம்.

இந்த வில்லங்கம் வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. பதிவு செய்யப்பட்ட ஆவணங்களை மட்டுமே அது காட்டும். ஒப்படைப்போ வருவாய்த் துறையின் ஆணை. அதன் நிபந்தனை வருவாய்ப் பதிவேடுகளில்தான் இருக்கிறது. எனவே 30 ஆண்டுச் சான்றிதழ் மாசின்றி இருக்கும், பட்டாவும் விற்பவர் பெயரிலேயே இருக்கும். 1980களில் நடந்த யு.டி.ஆர். பணிக்கு முந்தைய 'அ' பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். இன்றைய புல எண்ணுக்கு உரிய பழைய எண்ணைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். தர மறுத்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம் போடலாம். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். "அதற்குள் மனை போய்விடும்" என்பார் தரகர். போகட்டும். வங்கி கடன் தருகிறதே என்பதும் உத்தரவாதமாகாது. வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார்.

அங்கீகாரமற்ற மனைப்பிரிவு அடுத்த பொறி. 20.10.2016க்கு முன் பதிவான மனைகளுக்கே வரன்முறைத் திட்டம் வழி திறந்தது. ஏரி, வாய்க்கால் நிலங்களுக்கு அதுவும் இல்லை. நீர்நிலை என்று நீதிமன்றம் சொன்னபின் இடிப்பு இயந்திரம் முதலில் யார் வீட்டுக்கு வருகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவோ 8 வீடுகளைத் தாண்டிய அடுக்ககமோ ரெரா பதிவு பெற்றிருக்க வேண்டும். விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவதற்குமுன் விற்பனை ஒப்பந்தத்தை அவர்கள் பதிவு செய்தாக வேண்டும்.

செலவைக் குறைக்கச் சொல்லப்படும் யோசனைகளிலும் கவனம் தேவை. 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் சேர்ந்து 10 லட்சம் மதிப்புக்கு 90,000 ரூபாய் ஆகிறது. அதைத் தவிர்க்கப் பொது அதிகார ஆவணம் போதும் என்பார்கள். அது உரிமையை மாற்றாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விலையைக் குறைத்து எழுதலாம் என்பார்கள். பின்னர் விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடும்போது, பத்திரத்தில் உள்ள தொகையை மீறி நிறுவுவது எளிதன்று. பெண்ணின் பெயரில் பதிவு செய்தால், 10 லட்சம் வரையிலான சொத்துக்கு 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. சலுகை இல்லாவிட்டாலும் நாம் அதையே பரிந்துரைப்போம்.

பத்திரம் முடிந்ததும் பட்டாவைப் பெயர் மாற்ற வேண்டும். ஊருக்குள் வாங்கியவர்களுக்கு மெய்யான சோதனை அதன்பிறகே தொடங்குகிறது. பாதையில் கல் நடுவது, குடிநீர் இணைப்பைத் தடுப்பது, கட்டுமான ஆட்களை வரவிடாமல் செய்வது ஆகியவற்றை அண்டை வீட்டுத் தகராறு என்று காவல் நிலையம் எழுதிவிடப் பார்க்கும். நிலத்தின் மீதோ வீட்டின் மீதோ தண்ணீரின் மீதோ தலித் ஒருவருக்குள்ள உரிமையைத் துய்ப்பதில் குறுக்கிடுவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவின்படி குற்றம். புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, கிரையப் பத்திரத்தின் நகலையும் சாதிச் சான்றிதழையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்பதை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 18-ஏ பிரிவு கூறுகிறது. அதையும் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது.