காய்ச்சல் லெட்டர்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து, எந்த மாவட்டம் முந்தியது, எது பிந்தியது என்று எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நமக்கோ இந்த வாரம் முழுக்க ஒரு காய்ச்சல்தான் மனசை அரிக்கிறது.

உறவுக்காரர் வீட்டில் கல்யாணம். மணப்பெண்ணின் தங்கை ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று நாள் லீவு வேண்டும். "லெட்டரை நீயே இங்கிலீஷ்ல எழுதும்மா" என்றோம். இரண்டே நிமிடத்தில் எழுதி நீட்டினாள். முத்து முத்தான கையெழுத்து, ஒரு பிழை கிடையாது. 'ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...'

"அக்காவுக்குக் கல்யாணம்னு எழுதக் கூடாதாம்மா?"

"டியூஷன் சார் காய்ச்சலுக்குத்தான் லெட்டர் குடுத்திருக்கார், பெரியப்பா. கல்யாணத்துக்குக் குடுக்கலை."

ஆறாம் வகுப்பிலிருந்து அவள் டியூஷன் போகிறாள். நான்கு வருஷப் படிப்பு, தன் வீட்டு வாசலில் கட்டியிருக்கும் வாழைமரத்தைப் பற்றி ஒரு வரி எழுதத் துணிவு தரவில்லை. யோசித்துப் பார்த்தால், நாமும் அதே காய்ச்சலை எழுதித்தான் வளர்ந்தோம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் காய்ச்சல் மட்டுமே வருகிறது. திருவிழா வருவதில்லை, பாட்டி சாவதில்லை, பஸ் தவறுவதில்லை.

அந்த வாத்தியார் சோம்பேறி இல்லை. விடியற்காலை 5 மணிக்கு ஒரு பேட்ச், சாயங்காலம் இரண்டு பேட்ச் எடுக்கிறார். எந்தக் கேள்வி எத்தனை மார்க் என்பது அவருக்கு அத்துப்படி. மனப்பாடச் செய்யுளுக்கு 5 மார்க், அதை விடாதே. பாராவுக்கு இந்த நாலு போதும். பாஸ் மார்க் 35, கணக்கு சரியாகிவிடும். 2019-20ல் பத்தாம் வகுப்பின் இரண்டு ஆங்கிலத் தாளையும் ஒன்றாக்கினார்கள். அவர் நோட்ஸும் ஒன்றாகிவிட்டது, முறை மாறவில்லை. பிள்ளை ஃபெயிலானால் பெற்றோர் அவரைத்தானே கேட்பார்கள்? ஒரு வார்த்தை பேச வராவிட்டால் யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்டதில்லை.

ஐயா, வாரத்தில் ஒரு நாள் நோட்ஸை மூடிவையுங்கள். நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று நாலே வரி எழுதச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாகத்தான் எழுதுவார்கள். அந்தத் தப்பைத் திருத்தும்போதுதான் நீங்கள் வாத்தியார். மற்ற நாளெல்லாம் உங்கள் வேலையை ஜெராக்ஸ் கடைக்காரரே செய்துவிடுவார்.

எழுத வார்த்தை வேண்டுமே, அதற்குப் படிக்க வேண்டுமே என்பீர்கள். அதற்குத்தான் தெருக்கோடியில் கிளை நூலகம் இருக்கிறது. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டதால் 1948ல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி சொத்துவரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாகவே இருக்கும். டியூஷன் ஃபீஸைத் தேதி தவறாமல் கட்டுகிற நாம், ஏற்கெனவே பணம் கட்டிய இடத்துக்குப் பிள்ளையை ஒரு நாளாவது கூட்டிப் போனோமா? அங்கே படம் போட்ட, எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் பிரிக்காமல் கிடக்கின்றன.

காய்ச்சல் லெட்டரை வாங்கி வைத்துக்கொண்டோம். அந்தப் பெண் அரைமணி நேரம் பேனாவைக் கடித்து, மூன்று வரி புதிதாக எழுதினாள். இரண்டில் பிழை. அதைத்தான் கிளாஸ் டீச்சருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அவளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்க்கப் போகிறோம். டியூஷன் சாரையும் கூப்பிட்டிருக்கிறோம். வருவதாகச் சொன்னார்.