மகஜர் போதும், இனிக் கணக்கைக் கேட்போம்



தோட்டப் பாதை உடைந்தால் மகஜர் எழுதுகிறோம். பீலியில் தண்ணீர் நின்றால் மகஜர். லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தால் அதற்கும் மகஜர். ஐம்பது அறுபது பேர் கையெழுத்து வைத்து, எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் பதித்து, அதை ஒருவர் கொழும்பு வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். "ஐயா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்" என்ற செய்தியோடு அந்தக் காகிதத்தின் ஆயுள் முடிந்துவிடுகிறது. எந்தத் திகதிக்குள் பதில் வரும், யார் பதில் சொல்வார், பதில் வராவிட்டால் எங்கே போவது என்று கேட்க மகஜருக்கு வலு இல்லை. மகஜர் தயவைக் கேட்கிறது. நாம் கேட்கவேண்டியது கணக்கை.

கணக்குக் கேட்கச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபை, நகர சபை, பிரதேச செயலகம், தொழில் திணைக்களம், வலயக் கல்வி அலுவலகம் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வோர் அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். விண்ணப்பம் கிடைத்ததாக அவர் எழுத்தில் ஒப்புகை தரவேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தரவேண்டும். "உனக்கு எதற்கு இது?" என்று கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை. காரணம் சொல்லவேண்டியதில்லை என்று சட்டமே கூறுகிறது.

இப்படியொரு சட்டம் கையில் இருந்தும் மலையகத்தில் இன்றும் மகஜர்தான் ஓடுகிறது என்றால், அதனால் இலாபம் யாருக்கு? எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் பெரியவர் ஆகிவிடுகிறார். சபையின் பணத்தில் போட்ட பாதைக்கு அவர் வந்து ரிப்பன் வெட்டுவார். நாம் மாலை போடுவோம். போட்ட பாதை மதிப்பீட்டில் உள்ள நீளம்தானா என்று அளந்து பார்க்க மட்டும் எவரும் இருக்கமாட்டார். கணக்கு எல்லோருக்கும் தெரிந்தால் அந்த மாலைக்கு வேலை இல்லாமல் போகும்.

கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிய பழக்கமல்ல. கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்க்காத பெண் தொழிலாளி உண்டா? ஈரத்துக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை கிலோ என்று கழித்தால் அந்த இடத்திலேயே கேட்கிறோம். செக்ரோலில் பேர் விழுந்ததா, அரைப்பேர்தான் விழுந்ததா என்று சம்பளச் சிட்டையை வைத்துப் பார்க்கிறோம். பிரதேச சபைக்கும் ஒரு செக்ரோல் உண்டு. வரவு செலவுத் திட்டம், சபைக் கூட்ட அறிக்கை, வேலை மதிப்பீடு, கொந்தராத்துக்காரருக்குக் கொடுத்த பில் என்று அதற்குப் பல பெயர்கள். மடுவத்தில் கால் கிலோவுக்குக் கேள்வி கேட்கும் நாம், இலட்சக்கணக்கில் செலவாகும் இடத்தில் வாய்மூடி நிற்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

இந்த வழியை நம்மைப் போன்ற கூலித் தொழிலாளர்கள்தான் போட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியவேண்டும். இந்தியாவில் ராஜஸ்தான் மாநிலத்தில் வறட்சி நிவாரண வேலைக்குப் போன ஏழைகளுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டபோது, "நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றபோது அது இரகசியம் என்றார்கள். 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு அந்தப் பதிவேடுகளைக் கேட்டுப் போராடியது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதலாவது மக்கள் விசாரணையை நடத்தி, ஊரார் முன்னிலையில் கணக்கை உரக்க வாசித்தது. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதே அவர்களின் கோஷம். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் போராட்டம் ஒரு முக்கிய அடித்தளம். அவர்கள் கேட்ட பதிவேடு வேறொன்றுமல்ல, நாம் சொல்லும் செக்ரோல்தான்.

நம் ஊருக்கு வருவோம். நெடுங்காலமாகப் பிரதேச சபைகள் நமக்குச் சொன்ன பதில் ஒன்றே: "தோட்டம் கம்பெனிக்குரியது, சபையின் பணத்தை அங்கே செலவிட முடியாது." 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை அதற்குக் காரணம் காட்டினார்கள். வாக்கு மட்டும் நம்மிடம் வாங்கினார்கள். அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்தன. இவை நம் மக்களின் நீண்ட காலக் கோரிக்கைகள். கோரிக்கை வென்றது, நல்லது. ஆனால் வென்ற பிறகு தோட்டப் பிரிவுகளுக்குள் எவ்வளவு ரூபாய் வந்தது? எந்த டிவிசனுக்கு வந்தது, எந்த டிவிசனுக்கு வரவில்லை? இதற்குரிய பதில் மேடைப் பேச்சில் கிடைக்காது. சபையின் புத்தகத்தில் இருக்கிறது.

கேட்கும்போது சில பதில்களை எதிர்பார்த்துத்தான் போகவேண்டும்.

"கோப்பு இல்லை" என்பார்கள். சட்டம் வரும்போது இருந்த ஆவணங்களை அன்றிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளும், புதிதாக உருவாகும் ஆவணங்களை 12 ஆண்டுகளும் பாதுகாக்கவேண்டும் என்று சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே "இல்லை" என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் "இல்லை" என்பது சுலபம். கையெழுத்து வைத்து "இல்லை" என்று சொல்ல எவரும் யோசிப்பார்கள்.

"சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா" என்பார்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. நுவரெலியா, அம்பகமுவ போன்ற பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்கென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. தமிழில் எழுதுவோம், தமிழில் பதில் கேட்போம்.

"பயனாளிகள் பட்டியல் தனிப்பட்ட தகவல், தரமுடியாது" என்பார்கள். தனிப்பட்ட தகவலுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் பொதுநலன் பெரிதாக இருந்தால் அதையும் வெளியிடலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. பெயர் தராவிட்டால், தெரிவு செய்த விதிமுறை, டிவிசன் வாரியாக எண்ணிக்கை, தெரிவுக் குழுவின் கூட்ட அறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். அவை எவருடைய தனிப்பட்ட விடயமும் அல்ல.

இன்னொரு பதில் நம் பக்கத்திலிருந்தே வருகிறது. "அதிகாரியைப் பகைத்துக்கொண்டால் வருகிற வேலையும் வராது" என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்களைத்தான் நாம் கடுமையாக எதிர்க்கவேண்டும். கேள்வி கேட்டதற்காக நின்றுபோகும் வேலை நமக்கு ஒதுக்கப்பட்ட வேலையா, எவரோ போடும் பிச்சையா? பயந்து பயந்து இத்தனை காலமும் எத்தனை மைல் பாதை வாங்கினோம்? துரையைப் பகைக்காதே, கங்காணியைப் பகைக்காதே என்று நம் பாட்டன் பூட்டனுக்குச் சொன்ன அதே புத்திமதி இன்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

இந்தச் சட்டத்தின் உரிமை "பிரஜை"க்கு உரியது. அந்தச் சொல் நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் நம்மிடம் கேளாமலே நம்மைப் பங்கு பிரித்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. ஐம்பத்தைந்து வருடம் போராடிப் பெற்றதை வாக்களிப்பு நாளன்று மட்டும் வெளியே எடுத்துவிட்டு, மற்ற நாட்களில் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதா?

ஆவணம் அலுவலகத்தில் கிடக்கும்போது நாம் லயத்தில் கிடந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, பக்கத்து மாவட்டமான பதுளையில் ஒரு சாட்சி இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதன் பின்னர் கூறியது. எச்சரிக்கை யாருக்குப் போனது, யாருடைய மேசையில் நின்றது என்று செத்தவர்களைத் தோண்டும்போது விவாதித்தார்கள். அன்று இந்தச் சட்டம் இல்லை. இன்று இருக்கிறது. உயிரோடு சம்பந்தப்பட்ட தகவலை ஒரு பிரஜை தனக்காகக் கேட்டால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும் என்று இருக்கிறது. மண்சரிவு ஆபத்துள்ள லயங்களில் குடியிருப்போர், தங்கள் இடத்தைப் பற்றிய ஆய்வு அறிக்கையின் பிரதியைப் பிரதேச செயலகத்திடமும் அந்த நிறுவனத்திடமும் கேட்கவேண்டும். உயிர் பற்றிய விடயம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதவேண்டும். அடுத்த மழைக்கு முன்னரே கேட்கவேண்டும்.

இந்தச் சட்டம் எல்லாவற்றையும் செய்யாது என்பதையும் சொல்லிவைக்கிறோம். தனியார் தோட்டக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை இதைக்கொண்டு நேரடியாகத் திறக்க முடியாது. ஆனால் கம்பெனியைப் பற்றி அரச அலுவலகத்தில் இருக்கும் கடிதங்களையும் அறிக்கைகளையும் கேட்கலாம். தகவல் வந்தவுடன் பாதை வந்துவிடாது. போராட்டம் நாம்தான் நடத்தவேண்டும். ஆனால் பில்லின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தும் போராட்டமும், "ஏதோ களவு நடக்குது போல" என்று நடத்தும் போராட்டமும் ஒன்றல்ல.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் செய்யவேண்டியது இது:

ஒன்று. "ஏன் பாதை போடவில்லை?" என்று கேட்காதீர்கள். அது விவாதம். "கடந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் தோட்டத்தின் டிவிசன்களுக்குச் சபை ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, ஒவ்வொரு வேலையின் மதிப்பீடு, கொடுத்த பில் ஆகியவற்றின் பிரதிகள்" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

இரண்டு. சங்கக் கிளையின் பெயரிலும் கேட்கலாம், மாதர் சங்கத்தின் பெயரிலும் கேட்கலாம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் போதும். தனியே கேட்கப் பயப்படுகிறவர்களுக்கு இது ஒரு பாதுகாப்பு.

மூன்று. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, பிரதிகளுக்குத்தான் சிறு தொகை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலரே எழுதிக்கொள்ளவேண்டும். அதற்கு மேலும் உதவி வேண்டுமானால் தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் நாங்கள் இருக்கிறோம். ஒப்புகை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். தபாலில் போட்டால் பதிவுத் தபாலில் போடுங்கள்.

நான்கு. மறுத்தாலோ, உரிய காலத்துக்குள் பதில் வராவிட்டாலோ, 14 நாட்களுக்குள் அந்த அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அங்கும் நியாயம் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். திகதிகளைக் கொப்பியில் குறித்து வையுங்கள். திகதி தவறினால் நம் உரிமையும் தவறிவிடும்.

ஐந்து. கிடைத்த பதிலை ஒருவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக்கூடாது. கோயில் முன்றலிலோ பிரட்டுக்களத்திலோ எல்லோரும் கேட்க வாசியுங்கள். பாதையை அளந்து பாருங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் இன்னொரு பெரியவரைத்தான் உருவாக்கும்.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும் கிளைத் தலைவர்களிடம் நாம் கேட்கப்போவது ஒரே கேள்வி: எத்தனை விண்ணப்பம் போட்டீர்கள், ஒப்புகைகள் எங்கே? மகஜர்ப் பிரதிகளை யாரும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம்.