பந்தும் பணியும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அமெரிக்காவிலுள்ள கிறிஸ்தவக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. கோடை விடுமுறை தொடங்கியதும் கல்லூரியின் கால்பந்து அணியோ கூடைப்பந்து அணியோ ஒன்றாகப் புறப்பட்டு, ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ உள்ள ஓர் ஏழை ஊருக்குச் செல்லும். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் அங்கே தங்கும். காலையில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுப்பார்கள். பகலில் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுவார்கள். மாலையில் தங்கள் சமய நம்பிக்கையைப் பற்றிப் பேசுவார்கள். பின்னர்ப் பந்துகளையும் பனியன்களையும் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவார்கள். மாணவ விளையாட்டு வீரர்களை இவ்வாறு வெளிநாடுகளுக்கு அனுப்பும் 'அத்லெட்ஸ் இன் ஆக்ஷன்' என்ற அமைப்பு 1966-இல் அங்கே தோன்றியது.

கடலுக்கு அப்பால் நடப்பதைப் பற்றி நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். நாமும் மாணவர்கள். நம்மிடையேயும் விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் நாமும் ஏழு நாள் முகாமிட்டுத் திரும்புகிறோம். எனவே அந்த மாணவனிடம் கேட்கும் கேள்வி நம்மையும் சாரும். சில நாள் சென்று வருவது தொண்டா, சுற்றுலாவா?

இதில் இரு கட்சிகள் உண்டு. ஓர் அணி முழுவதும் சென்று வரும் விமானச் செலவில் உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டு ஒரு வகுப்பறையே கட்டலாமே என்பது ஒரு கட்சி. வசதியில் வளர்ந்த இளைஞன் வறுமையை நேரில் கண்டால் அவன் மனம் விரியும், அதற்கு விலை மதிப்பே இல்லை என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டாம் கட்சி சொல்லும் பயன் யாருக்கு? சென்றவனுக்கு. அப்படியானால் அதைக் கல்வி என்று சொல்லலாம். தொண்டு என்று சொல்வதற்கு இன்னும் ஏதோ வேண்டும். அந்த 'ஏதோ' என்ன என்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரராக இருந்தவர் சி. டி. ஸ்டட். 1882-இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் தோற்ற அந்தப் பிரசித்தி பெற்ற ஆட்டத்தில் ஆடியவர். 'கேம்பிரிட்ஜ் எழுவர்' எனப் பெயர் பெற்ற இளைஞர்களுள் ஒருவராக 1885-இல் சீனா சென்றார். சீன மொழி கற்று, சீன உடை உடுத்தி, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். 1900 முதல் 1906 வரை நம் உதகமண்டலத்திலும் சமயப் பணி ஆற்றினார். பிறகு காங்கோ சென்று, 1931-இல் அம்மண்ணிலேயே மறைந்தார்.

அடுத்தவர் எரிக் லிடல். நம்மைப் போன்ற அறிவியல் மாணவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. படித்தவர். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் 100 மீட்டரில் ஓட மறுத்தார். பின்னர் 400 மீட்டரை 47.6 வினாடிகளில் கடந்து தங்கம் வென்றார். 1981-இல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற திரைப்படம் அந்த வெற்றியைத்தான் காட்டுகிறது. ஆனால் அவருடைய நெடிய ஓட்டம் அதற்குப் பின்னரே தொடங்கியது. 1925-இல் சீனா சென்று தியன்ஜின் நகரில் அறிவியல் ஆசிரியரானார். போர்க்காலத்தில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் அடைபட்டபோதும் அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் கற்பித்தார். 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதங்களே இருக்கையில், மூளையில் ஏற்பட்ட கட்டியால் அம்முகாமிலேயே இறந்தார். அப்போது வயது 43.

மூன்றாமவர் நமக்கு மிக நெருங்கியவர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், 1891-இல் கூடைப்பந்தாட்டம் பிறந்த அதே கல்லூரியில் பயின்றவர் ஹாரி குரோ பக். ஒய்.எம்.சி.ஏ. பணியாளராக இங்கு வந்து, 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். லிடல் ஓடிய அதே 1924 ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் இவரே. பக் 1943-இல் மறைந்தார். அவர் தொடங்கிய கல்லூரி இன்றும் நந்தனத்தில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது.

இதன் பயனை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. நான் படித்த கிராமத்துப் பள்ளிக்கு ஒரு முறை வெளியூர்க் குழுவினர் வந்து பந்தும் வலையும் வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் பந்தும் போயிற்று, வலையும் போயிற்று. அப்போது எங்களுக்கு விளையாட்டு ஆசிரியரே கிடையாது. அடுத்த ஆண்டு ஒருவர் வந்தார். பக் தொடங்கிய அந்தக் கல்லூரியில் பயின்றவர். கிழிந்த வலையைக் கயிற்றால் பின்னினார். விடியற்காலையில் எங்களை ஓட வைத்தார். பள்ளிக்கு வராத பையனை வீடு தேடிச் சென்று கூட்டி வந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கூலி வேலை செய்யும் என் தந்தையிடம் மூன்று மாலைகள் திண்ணையில் அமர்ந்து பேசி, "பையனைப் படிக்க விடுங்கள், ஐயா" என்று சம்மதம் வாங்கியவர் அந்த விளையாட்டு ஆசிரியர்தான். பந்து கொடுத்தவர்கள் முகம் எனக்கு நினைவில்லை. அவரை மறக்க முடியுமா?

எல்லோரும் ஆயுள் முழுவதும் அயல்நாட்டில் தங்க வேண்டும் என்று நான் கூறவில்லை. இரண்டு வாரம் மட்டுமே செல்ல முடிந்தவர்களும் நல்லது செய்யலாம். ஊருக்கு ஊர் மாறாமல் ஆண்டுதோறும் ஒரே ஊருக்குச் செல்லட்டும். அவ்வூர் மொழியில் நாலு வார்த்தையாவது கற்றுக்கொண்டு போகட்டும். சுவருக்கு வண்ணம் பூசும் வேலையை அவ்வூர்த் தொழிலாளிக்கே கூலி கொடுத்து விடட்டும். நூறு பிள்ளைகளோடு ஆடி மகிழ்வதோடு நில்லாமல், நாளையும் அங்கேயே இருக்கப்போகும் இரண்டு இளைஞர்களைப் பயிற்சியாளர்களாக உருவாக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் நம்பிக்கையைப் பேச எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் பந்து தூண்டில் இரையாகிவிடக் கூடாது. வழிபாட்டுக்கு வராத சிறுவனுக்கும் அதே பந்து, அதே சிரிப்பு கிடைக்க வேண்டும். அது இல்லையேல் தொண்டு வாணிபமாகிவிடும்.

நண்பர்களே! இந்த அளவுகோலை நம் முகாமுக்கும் வைத்துப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒரு கிராமமாகத் தேடி அலையாமல், ஒரே கிராமத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஏற்றால் என்ன? முகாம் முடிந்த பிறகும் மாதம் ஒரு ஞாயிறு சிலர் சென்று அப்பிள்ளைகளுக்குக் கணிதமும் கைப்பந்தும் சொல்லிக் கொடுத்தால் என்ன? பேராசிரியர்கள் வழிகாட்டினால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம்.