முதல் வாசகரின் காத்திருப்பு

மேகக் கணிமையில் இயங்கும் இணையச் செயலிகளுக்கு ஓர் உறக்கம் உண்டு. சற்று நேரம் எவரும் வராவிட்டால், இடமளித்த நிறுவனம் அச்செயலியை நினைவகத்திலிருந்து இறக்கிவிடுகிறது. அடுத்து வருபவருக்காக மீண்டும் இடம் ஒதுக்கி, நிரலை ஏற்றி, தரவுத்தளத்தோடு தொடர்பு உண்டாக்கிய பிறகே பக்கம் வரும். நிரலாளர்கள் இதைக் 'கோல்ட் ஸ்டார்ட்' என்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் அஸ்யூரில் 20 நிமிடம் ஆள் வராவிட்டால் செயலி இறக்கப்படும். எப்போதும் விழித்திருக்கச் செய்யும் வசதி கட்டணத் திட்டங்களில்தான் உண்டு. 2022 நவம்பரில் நிறுத்தப்படும் வரை, ஹெரோகுவின் இலவசத் திட்டம் 30 நிமிடம் பொறுத்தது.

இதில் இலக்கிய விவகாரம் என்ன என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இந்த உறக்கம் எல்லோரையும் ஒன்றுபோல் வருத்துவதில்லை என்பதுதான் விவகாரம். கூட்டம் ஓயாத தளம் உறங்குவதே இல்லை. நாளுக்கு ஐந்து பேர், அதுவும் வெவ்வேறு வேளைகளில், வருகிற தளத்திலோ ஐவருமே முதல் வாசகர்கள், ஐவரும் காத்திருக்கிறார்கள். வட்டார வழக்குச் சொற்றொகுதி, சங்கப் பாடல் சொல்லடைவு போன்றவையெல்லாம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

எங்கள் துறை மாணவர்கள் சிலர் குறுந்தொகைக்குச் சொல்லடைவுச் செயலி ஒன்றை உருவாக்கி, ஓர் இலவச வழங்கியில் ஏற்றினார்கள். நல்ல வேலை. ஆனால் காலையில் முதல் தேடலுக்கு ஐம்பது நொடிக்குக் குறையாமல் ஆகிறது. வகுப்பில் காட்டியபோது, "ஐயா, இது செத்துப்போச்சு போல" என்றாள் ஒரு மாணவி. பத்து நொடிக்கு மேல் பயனரின் கவனம் நிற்பதில்லை என்று ஜேக்கப் நீல்சன் 1993லேயே எழுதிவிட்டார். ஐம்பது நொடிக்கு யார் நிற்பார்கள்?

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பும் நிரலை எழுதி வைப்போரும் உண்டு. திண்ணையில் இடம் கொடுத்தவரின் விளக்கெண்ணெயை இராமுழுதும் எரிப்பது போன்றது அது, எனக்கு உடன்பாடில்லை.

என் கேள்வி வேறு. குறுந்தொகை 401 பாடல்கள். அவை நாளைக்கு மாறப்போவதில்லை. மாறாத ஒன்றைக் காட்ட, கேட்கும்போதெல்லாம் ஒரு நிரல் ஏன் எழுந்துவர வேண்டும்? பாடல் முழுவதும், அடைவோடு சேர்த்தாலும், கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவுக்கு வராது. அப்படியே கோப்பாக வைத்துவிட்டால் தேடலை வாசகரின் உலாவியே பார்த்துக்கொள்ளும். மதுரைத் திட்டம் 1998 முதல் நூல்களைக் கோப்புகளாகத்தான் தந்து வருகிறது. கோப்புக்கு உறக்கமில்லை. பயனர் கணக்கு, திருத்தம் என்று வழங்கியின் துணையில்லாமல் நடவாதவையும் உண்டுதான். அவற்றுக்கு முன்பக்கத்தையாவது கோப்பாக வைத்து, "செயலி எழுந்துவர ஒரு நிமிடம் ஆகும்" என்று அதில் எழுதிவைக்கலாமே.

இதைச் சொன்னபோது, "அப்படியானால் நாங்கள் பைதான் படித்தது எதற்கு ஐயா?" என்றான் ஒருவன். அடைவைத் தயாரிக்க; ஒருமுறை ஓட்டினால் போதும் என்றேன்.