நாஹூம் கடைக் கேக்

"யூதர் கடையிலா கிறிஸ்துமஸ் கேக்?" என்று சுற்றுலா சென்றபோது எங்களுள் ஒருத்தி கேட்டாள். பாக்தாத் வழிவந்த யூதர் ஒருவர் 1902இல் தொடங்கிய நாஹூம் ரொட்டிக் கடை, 1916 முதல் கொல்கத்தா நியூ மார்க்கெட்டில் இருக்கிறது. பழைய தேக்குமர அலமாரிகள், வெண்ணெய் மணம்! வங்காளிகள் கிறிஸ்துமஸைப் 'பொரோ தின்', பெரிய நாள் என்பார்கள். அப்போது உலர்பழம் செறிந்த பிளம் கேக்குக்காக எல்லாச் சமயத்தாரும் நீண்ட வரிசையில் நிற்பார்கள்.

இதில் வியப்பென்ன? நம் ஆண்டவரே யூதக் குடியில் பிறந்தவரன்றோ! அந்நகரில் யூதர் இன்று மிகச் சிலரே. அவர்களுடைய தொழுகைக் கூடங்களைப் பேணிக் காப்பவர்கள் முஸ்லிம்கள். இதை அறிந்தபோது நம் தெருக்களை நினைத்துக்கொண்டோம். தீபாவளிக்கு முறுக்கும் ரம்ஜானுக்குப் பிரியாணியும் வரும். நம் வீட்டுக் கேக் அங்கே போகும். இப்போதோ சில வீடுகளில் தட்டை வாங்கி, தொடாமல் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அது எங்களுக்குப் பிடிக்கவில்லை.