சுண்டுவிரல் இடைவெளி

கொழும்பு வீதியும் வெல்லவாய வீதியும் ஹப்புத்தளை வீதியும் கூடுகிற பெரகலச் சந்தியில் போன வாரம் பஸ்ஸுக்கு நின்றேன். கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெரியவர் ஒருவர் கக்கத்தில் மீன் பிடிக்கிற கெமன ஒன்றை இடுக்கியிருந்தார். அதைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் அதற்குக் கூடு என்று பெயர்.

கீறிய மூங்கிலைச் சீவி வரிச்சுகளாக்கிக் கட்டிய நீளக் கூம்பு அது. வாய்க்குள் இன்னொரு சின்னக் கூம்பு. அந்தச் சின்னக் கூம்பின் நுனிகள் மட்டும் கட்டப்படாமல் உள்நோக்கி நிற்கும். தண்ணீரோடு வருகிற மீனும் இறாலும் அவற்றை விலக்கி நுழைந்துவிடும். திரும்ப வந்தால் அதே நுனிகள் முகத்தில் குத்தும். இரையும் வேண்டாம், காவலும் வேண்டாம்.

தாத்தா கொழுந்துக்கூடை பின்னுகிறவர். மழை விட்ட அந்தியில் தண்ணீர்ப் பீலிக்குக் கீழே ஓடையில் கல் அடுக்கித் தண்ணீரை ஒரு வழிக்கு ஒதுக்கி, அங்கே கூட்டைப் பதிப்பார். கட்டுமுன் வரிச்சுகளுக்கு நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். “வெரலு போனா குஞ்சு போகும்டா.” விடியும்வரை மீன் தண்ணீருக்குள் உயிரோடு கிடக்கும். சினை தெரிந்தால் கையில் ஏந்தி விட்டுவிடுவார்.

அவரைப் பெற்றவர்கள் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கே கீழக்கரையில் உடைமரக் கம்பால் முடைந்து கடலில் இறக்குவதும் கூடுதான். இந்தக் கைவேலை எங்களுடையது மட்டுமல்ல: அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஆற்றோரம் தோண்டியபோது ஏறக்குறைய 8,000 ஆண்டுப் பழைய மீன் பொறிகள் சேற்றுக்குள் கிடைத்தன. ஹேசல் மரத்தின் இளங்கம்புகளில் முடைந்தவை. வளைகிற கம்பாகப் பார்த்து வெட்டிய அந்தக் கைகளைத் தாத்தாவின் கைகளாகவே நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது ஓடையில் நுளம்புவலையை விரிக்கிறார்கள். அதில் அன்று பொரித்த குஞ்சும் தப்பாது. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. பசிக்குப் பிடிப்பவரைக் கோபிக்க மாட்டேன்; ஆனால் அடுத்த மழைக்கு ஓடையில் என்ன மிஞ்சும்? கூடு பின்னத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். மலையில் கொழுந்துக்கே மூங்கில் கூடை போய்ச் சாக்கும் பிளாஸ்டிக்கும் வந்துவிட்டன. கூடை பின்னாத கைக்குக் கூடு எங்கிருந்து வரும்?

பெரியவரிடம் கேட்டுக் கெமனயை வாங்கிப் பார்த்தேன். புது மூங்கில், பச்சை வாசம் போகவில்லை. வரிச்சுகளுக்கு நடுவே சுண்டுவிரலை விட்டேன்.

போயிற்று.