ரூம்ல 'உஸ்ஸ்' சத்தமா? உஷார் பாஸ்!

ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற அப்ரென்டிஸ், ட்ரெய்னி மக்களே... இந்த வாரம் உங்களுக்குத்தான்.

கம்பெனியில ஏர் லைன் லீக்கானா என்ன பண்ணுவீங்க? சோப்புத் தண்ணியைத் தடவி, முட்டை எங்கே வருதுன்னு பார்ப்பீங்க. ஆனா, ரூம்ல கேஸ் வாசனை வந்தா மட்டும், 'டேய், எவன்டா தீக்குச்சி வெச்சிருக்கான்?'னு கேட்கிறீங்க! இது நியாயமா?

சமையல் கேஸுக்குச் சொந்தமா வாசனை கிடையாது. லீக் ஆனா நமக்குத் தெரியணும்னுதான் மெர்கேப்டன்னு ஒரு நாத்தமடிக்கிற பொருளைக் கலக்கிறாங்க. அந்த கேஸ் காத்தை விட கனம். மேலே போகாது, தரையோட தரையா பரவும். நம்ம ஆளுங்க பாய் விரிச்சுப் படுக்கிறதும் அதே தரையிலதான். அதான் பயமே!

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கதவைத் திறக்கிறீங்க, குப்புனு வாசனை அடிக்குது. கை தானா லைட் சுவிட்சுக்குப் போகும். போகவே கூடாது! போடவும் வேணாம், எரியுற லைட்டை அணைக்கவும் வேணாம். ரெண்டிலயும் பொறி வரும். கதவு, ஜன்னலைத் திறங்க. ரெகுலேட்டரை ஆஃப் பண்ணிக் கழட்டி, சிலிண்டர் வாயில மூடியைப் போடுங்க. தூங்குறவங்களை எழுப்பி வெளியே கூட்டிட்டு வாங்க. வெளியே வந்தப்புறம் செல்லை எடுத்து 1906-க்கு அடிங்க. கேஸ் லீக்குக்குன்னே இருக்கிற நம்பர், 24 மணி நேரமும் உண்டு.

சரி, ரெகுலேட்டர் கழட்டவே வரலையா? ஸ்பேனரால தட்டாதீங்க, எண்ணெய் விடாதீங்க. முதல்ல குமிழ் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. ஆன்ல இருந்தா அது பூட்டிக்கும், வராது. ஆஃப் பண்ணி, அடியில இருக்கிற கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடிச்சு இழுங்க. அப்பவும் வரலைன்னா விட்டுடுங்க. ஏஜென்சிக்குச் சொல்லுங்க, வந்து பார்ப்பாங்க.

புது சிலிண்டர் மாட்டினதும் 'உஸ்ஸ்'னு சத்தம் வந்தா, பெரும்பாலும் வால்வுக்குள்ள இருக்கிற குட்டி ரப்பர் வாஷர்தான் வில்லன். இல்லைன்னா ட்யூப். ரெகுலேட்டர் அடி, ட்யூபோட ரெண்டு முனை, அடுப்புக் குமிழ்... இங்கெல்லாம் சோப்பு நுரையைத் தடவுங்க. முட்டை விட்டா அங்கேதான் லீக். ஆரஞ்சு கலர் 'சுரக்ஷா' ட்யூப்பா இருந்தாலும் 5 வருஷம்தான் ஆயுசு. டெலிவரிக்கு வர்ற அண்ணன்கிட்ட, 'லீக் செக் பண்ணிக் காட்டுங்கண்ணே'ன்னு கேளுங்க. அது உங்க உரிமை. சிலிண்டர் கழுத்துக்குக் கீழே ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்தும், கூடவே வருஷமும் இருக்கும். ஏ-ன்னா மார்ச், பி-ன்னா ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தக் கெடு முடிஞ்ச சிலிண்டரை வாங்காதீங்க.

இனி முக்கியமான மேட்டர். 'அட்ரஸ் ப்ரூஃப் இல்லை பாஸ், ஓனர் தர மாட்டேங்கிறார்'னு சொல்லி, கடையில திருட்டுத்தனமா ரொப்பித் தர்ற குட்டி சிலிண்டரை வாங்குறீங்களே... எவ்வளவு ரொப்பினாங்க, வால்வு எப்படியிருக்குன்னு யாருக்குமே தெரியாது. அதுக்குப் பதிலா, எண்ணெய் கம்பெனிகளே 5 கிலோ சிலிண்டர் விக்குறாங்க. இண்டேன்ல அதுக்குப் பேரே 'சோட்டு'. அட்ரஸ் ப்ரூஃப் கேட்க மாட்டாங்க, ஏதாவது ஒரு அடையாள அட்டை போதும். விலை கொஞ்சம் கூடதான். நாலு பேர் பங்கு போட்டா ஆளுக்கு ரெண்டு வேளை டீக்காசு கூடுமா?

இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. 1906-ஐ பெருசா எழுதி, ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் ஒட்டுங்க. கடைசியா சமைக்கிறவர்தான் ரெகுலேட்டரை ஆஃப் பண்ணணும்னு ஒரு சட்டம் போடுங்க. ஊர்ல அம்மா, 'சாப்பிட்டியாப்பா?'ன்னு போன் பண்ணும்போது, எடுத்துப் பேச நீங்க இருக்கணும்ல?

அடுத்த வாரம் பார்ப்போமா!